கஸ்தூரி பிடித்த நண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் முட்டியைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம். இரண்டும் போய்விட்டன. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே சைக்கிளைத் தொட்டா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நீங்கள் ஆறு பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் அந்த முன்சீட்டை உங்களுக்கு விட்டுக்கொடுத்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? ஆசையைப் பார்!

இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளுக்குக் காற்று எவ்வளவு அடிப்பது, செயினுக்கு எப்போது எண்ணெய் விடுவது என்பதையெல்லாம் மெக்கானிக் சொல்லித் தருவார். எனக்குத் தெரிந்தது வேறு. உங்கள் பின்னால் உட்காரப் போகிறவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. ஆனால் உங்கள் காலும் அவர் காலும் ஒரே செயினில் பூட்டியிருக்கின்றன. நீங்கள் தயங்கினால் அந்த நொடியே அவர் பாதத்துக்குத் தெரிந்துவிடும். பயந்தாலும் தெரியும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் தெரியும். நான் எத்தனையோ தடவை அப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு அம்மா சைக்கிளை விட்டு இறங்கியதும் என் உள்ளங்கையில், "இன்னிக்கு யார் மேல கோவம்?" என்று எழுதிக் கேட்டார்.

உள்ளங்கையில் எழுதுவதுதான் நம் பேச்சு. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் சிலேட்டைத் துடைப்பதுபோல் கையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஓடும்போது அதற்கு வழியில்லை. பின்னால் இருப்பவர் உள்ளங்கையை உங்கள் முதுகில் விரித்து வைத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். முஷ்டியால் இடித்தால் உடனே நிறுத்துங்கள். ஏன் எதற்கு என்று நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரியவரோடு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பாதி வயதில் கண்ணும் காதும் போனவர், அதனால் வாய் நன்றாகப் பேசுவார். பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் திருப்பாலைவனத்தில் டீக்கடை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவரைக் கையோடு இறக்கி நிறுத்தினேன். இரண்டு டீ வாங்கப் போனேன். பத்தடி தூரம்தான். திரும்பி வந்தால் மனுஷன் அதே இடத்தில் நிற்கிறார், இரண்டு கையும் முன்னால் கொஞ்சம் நீண்டிருக்கின்றன, விரல்கள் காற்றைத் துழாவுகின்றன. பக்கத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது, அந்த அதிர்வு வேறு காலில் ஏறுகிறது. முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் தொட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்து, நான் போட்டிருக்கும் இரும்புக் காப்பைத் தடவிப் பார்த்து, நான்தான் என்று தெரிந்துகொண்டார். "போறேன்னு சொல்லிட்டுப் போம்மா. போறப்போ கைய ஒரு செவுத்து மேலயாவது வச்சிட்டுப் போ. இல்லாட்டி நான் எங்க கீறேன்னு எனக்கே தெரியாது" என்றார். எனக்கு அந்த டீ இறங்கவே இல்லை.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பழக்கம். தொடு, யார் என்று சொல், அப்புறம் பிடி. விடும்போது சொல்லிவிட்டு விடு. இத்தனை வருஷத்தில் இதை உங்களைப் போல எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அப்படிச் சொன்ன நானே ஒருநாள் மறந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நாம் மாதம் ஒருமுறை நான்கு சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு போகிறோம் அல்லவா? வெளியூர்களிலிருந்து வரும் பயணிகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஏரிக்கரையோரம் ஓட்டிக்கொண்டு போவோம். போன வருஷக் குளிர்காலத்தில் அந்த ஊரிலிருந்தே ஒரு பெண் வர விரும்புகிறாள் என்று சொன்னார்கள். லைட்ஹவுஸ் குப்பத்துக் கஸ்தூரி. பிறவியிலேயே காது கேட்காதவள். விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையும் குறுகி, இருபது வயதில் முழுக்கப் போய்விட்டது. அதன் பின் ஆறு வருஷமாக வீட்டோடு இருந்தாள். வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள், மீன்பிடி வலைக் கயிறுதான். அதைப் பிடித்துக்கொண்டு போவாள், வருவாள். அவளுடைய நடமாட்டம் அவ்வளவுதான். எப்போதாவது பார்க்க வரும் விடுதித் தோழி ஒருத்திதான் உள்ளங்கையில் எழுதி நம்மைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கயிற்றைக் கட்டியவன் அவளுடைய அண்ணன் தேசப்பன். சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருப்பவன், கடலுக்குப் போகிறவன். கெட்டவன் இல்லை, சாமி சத்தியமாக இல்லை. தங்கைக்கு மீனில் முள் எடுத்துத்தான் தட்டில் வைப்பான். அவள் சட்டையில் ஊக்கு இருந்தால்கூடக் கழற்றிவிட்டுப் பொத்தான் தைக்கச் சொல்வான். ஆனால் அவள் கையில் எழுத மட்டும் அவனுக்குப் பழக்கமே இல்லை. தோளைத் தட்டினால் சாப்பாடு, முதுகைத் தட்டினால் தூக்கம், கையைப் பிடித்து இழுத்தால் வா என்று ஆறு வருஷத்தை ஓட்டியிருந்தான்.

நான் அவனிடம் போய்க் கேட்டேன். "எங்க நைனா சாவறப்போ எங்கைல புடிச்சிக் குட்த்துட்டுப் போச்சு யக்கா இவள. ஒருவாட்டி அனுப்புறேன். ஒரே வாட்டி. ஒரு கீறல் பட்டுச்சு, அத்தோட முடிஞ்சுது. அப்பால வாசப்பக்கம் வராதீங்க" என்றான். நான் அதை அப்படியே கஸ்தூரியின் கையில் எழுதினேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். விட மனசில்லாத பிடி அது. நான் அன்றைக்கு எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

காலை ஏழு மணிக்குக் குப்பத்திலிருந்து கிளம்பினோம். மற்ற மூன்று சைக்கிளும் முன்னால், நாங்கள் கடைசி. எங்களுக்குப் பின்னால் தேசப்பன் மோட்டார் பைக்கில். பாலத்தில் ஏறினோம், ஹாரன். மீன் கடைகளைத் தாண்டினோம், ஹாரன். ஒரு ஆடு குறுக்கே வந்தது, கேட்கவே வேண்டாம். அவளுக்குக் கேட்காது என்று அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் அடித்துக்கொண்டே வந்தான். "உடு தேசப்பா, காது கிழியுது" என்று நான் கத்தினால், "நீ ரோட்டப் பாரு யக்கா" என்று அவன் கத்தினான். அவன் பயத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பான், பாவம்.

கஸ்தூரியோ முதல் அரை மணி நேரம் என் கால் இழுத்த இழுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். திருப்பாலைவனம் ரோட்டில் வயல் காற்று முகத்தில் அடித்ததும் மிதியில் ஒரு உதை விழுந்தது பாருங்கள்! என் முட்டி அப்போதே முனகியது. அதற்கப்புறம் யார் யாரை ஓட்டினார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் கை என் முதுகில் விரிந்தபடியே இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்துக்கு முன்னால் ஏரியோரம் எல்லாரும் ஓய்வுக்காக நிறுத்தினோம், மற்ற மூன்று ஜோடியும் தள்ளி நிழலில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்வது நம் வேலையில் பாதி. நான் அவள் கையில் எழுதினேன்: தண்ணீரில் ஐந்து பெண்கள். இறால் பிடிக்கிறார்கள்.

"வலையா?" என்று என் கையில் கேட்டாள்.

"இல்லை. கையால். சேற்றில் தடவி."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தண்ணி கலங்கல். எதுவும் தெரியாது."

"பேசிக்குவாங்களா?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். அவர்கள் இருளர் வீட்டுப் பெண்கள். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட அந்தக் கூடை. வாயில் கூடை இருந்தால் எப்படிப் பேசுவது? வரிசையாகத் தண்ணீரில் குந்தி நகர்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து ஆளின் முழங்கை இடித்தால் இந்தப் பக்கம் திரும்பு, தொடை இடித்தால் நில் என்று எல்லாமே தொட்டுத்தான். "வாயில் கூடை. பேச்சு இல்லை. தொட்டுக்கொள்கிறார்கள்" என்று எழுதினேன்.

கஸ்தூரி என் கையை விட்டாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஒரு கீறல் என்று சொல்லியிருக்கிறான் அந்த மனுஷன், பின்னாலேயே நிற்கிறான். வேண்டாம் என்று எழுத விரலைக்கூட வைத்துவிட்டேன். ஆனால் என்ன காரணம் சொல்வது? தண்ணீர் தொடையளவுதான். அந்த வேலைக்குக் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். அவளிடம் வேண்டாம் என்று சொல்ல என் பயத்தைத் தவிர என்னிடம் ஒரு காரணமும் இல்லை. விரலை எடுத்துவிட்டேன்.

தேசப்பன்தான் குதித்தான். "இன்னா யக்கா இது! வலைக்காரன் வூட்டுப் பொண்ணு சேத்துல கைய உட்டு இறா தடவுதுன்னு குப்பத்துல பேச மாட்டானுங்களா?"

வரிசையின் முதலில் இருந்த குப்பம்மா என்கிற பெண், ஐம்பது வயது இருக்கும், பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "உன் வலைல வுழற இறாவும் இதே சேத்துலதான்யா மேயுது. அனுப்பு, நா பாத்துக்கறேன்" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் கஸ்தூரி செருப்பையும் கழற்றியிருந்தாள்.

கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். குப்பம்மா அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, வாயில் இருக்கும் கயிற்றைத் தொட வைத்தாள். நம் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவள், ஆனால் யாரும் சொல்லாமலே அடையாளம் கொடுத்தாள். "போறேன், கரையில் இருப்பேன்" என்று எழுதிவிட்டு முறைப்படி விலகி வந்தேன். குப்பம்மா அவள் கைமேல் தன் கையை வைத்து, சேற்றில் எப்படி விரலை விரிப்பது, ஓடு தட்டுப்பட்டால் எப்படிப் பின்பக்கமாக அமுக்குவது என்று காட்டிக்கொண்டே நகர்ந்தாள். கஸ்தூரி முகத்தில் அப்படி ஒரு கவனம். முதல் இறால் கையில் துள்ளியபோது அவள் தோள் குலுங்கிச் சிரித்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு சத்தம். கஸ்தூரியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முகம் சுளித்து, வலது கையை உதறுகிறாள். சேற்று நண்டு. கொடுக்கால் ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டது.

"யக்கா!" என்று தேசப்பன் அலறினான். அந்த அலறல் என்னை என்னவோ செய்துவிட்டது. குப்பம்மா பக்கத்தில்தான் இருந்தாள், நான் போகவே தேவையில்லை. ஓடினேன். ஓடிய வேகத்தில் பின்பக்கமாகப் போய், அக்குளில் கைகொடுத்து, தூக்கினேன். கையைத் தொடவில்லை, காப்பைக் காட்டவில்லை, யாரென்று சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் நாளெல்லாம் ஓதுகிற நான்!

அவளுக்கு என்ன தெரியும்? விரலில் வலி, பின்னால் யாரோ பிடித்து இழுக்கிறார்கள். திமிறினாள். சேறு வழுக்கி, தலைகீழாகத் தண்ணீருக்குள் போனாள். நானும் விழுந்தேன். தொடையளவுத் தண்ணீர்தான், ஆனால் எது மேல் எது கீழ் என்று தெரியாதவளுக்கு அது போதும். அவள் கால் என் நெஞ்சில் உதைத்தது. அந்த உதையில் இருந்த பயத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

குப்பம்மா பறியைத் துப்பினாள். காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் தண்ணீரில் போயிற்று. அவள் இழுக்கவில்லை. கஸ்தூரியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அப்படியே மெல்ல மேலே ஏந்தினாள். இடது கையைத் தேடி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். கயிறு அழுந்திய தடம் தட்டுப்பட்டதும் கஸ்தூரியின் உடம்பு தணிந்தது. இருமினாள், மூச்சு விட்டாள், நின்றாள். குப்பம்மா அவளுடைய கடிபட்ட கையைத் தண்ணீருக்குள் அழுத்தி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். "உதறுனா இறுக்கும். தண்ணிக்குள்ள சும்மா வுட்டா தானா வுட்ரும்" என்றாள் என்னிடம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்.

கொடுக்கு விட்டது. விட்டதும் கஸ்தூரி என்ன செய்தாள் தெரியுமா? இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு, குப்பம்மா சொல்லிக் கொடுத்தபடியே ஓட்டைப் பின்பக்கமாக அமுக்கி, அந்த நண்டைத் தூக்கினாள். உள்ளங்கை அகலம் இருந்தது.

கரையேறினோம். விரலில் ரத்தம் சொட்டியது, பெரிய காயம் இல்லை. குப்பம்மா முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள், நண்டின் காலை நாரால் கட்டிக் கஸ்தூரியிடமே கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பினாள். தேசப்பன் கிட்டே வந்து அந்த விரலைப் பார்த்தான். "போதும் யக்கா. முடிஞ்சுது. அவகிட்ட சொல்லு, எம்பைக்ல வந்து ஏறச் சொல்லு."

கஸ்தூரி கையை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தாள், என்ன நடக்கிறது என்று யாராவது எழுதுவார்கள் என்று. என் விரல் அவள் உள்ளங்கைக்கு மேல் நின்றது. நான் எழுதினால் அவள் ஏறிவிடுவாள். வீட்டில் அவளுக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான். எழுதாமல் அவனோடு சண்டை போட்டால் அந்த வாசலை நாங்கள் மறுபடி மிதிக்க முடியாது. அதைவிட, தப்பு என்னுடையது.

"தேசப்பா, நண்டு கட்சது விரலுதான். முழுக வச்சது நானு. சொல்லாம புடிச்சிட்டேன். திட்டறதுன்னா என்னத் திட்டு" என்றேன். "ஆனா அவகிட்ட சொல்றத நீயே சொல்லு."

"எனுக்குக் கைல எழுதத் தெரியாதுன்னு உனுக்குத் தெரியும்ல?"

"அஞ்சாவது வரிக்கும் படிச்சியே, அதுல எழுத்து சொல்லித் தரலியா?"

கஸ்தூரியின் மணிக்கட்டில் என் காப்பை உரசினேன். "மன்னிச்சுக்கோ. பிடித்தது நான்தான்" என்று எழுதினேன். அவள் என் கையை ஒரு முறை தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. அந்த அடி எனக்கு வேண்டியதுதான். அப்புறம், "அண்ணன் இங்கே. நான் போறேன்" என்று எழுதி, அவள் கையை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன். அப்படி நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் அண்ணனின் கையைத் திருப்பினாள். வலைக்கயிறு அறுத்துக் காய்ப்புக் காய்த்த கை. கட்டுப் போடாத விரலால் எழுத ஆரம்பித்தாள். அவனுக்கு முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். அவன் வாய்விட்டுப் படித்தான், எழுத்துக் கூட்டும் பிள்ளை மாதிரி. "நா... னே... பு... டி..." நிறுத்தினான். அவள் முடித்தாள். "நானே புடிச்சேன்."

"அவதான் புடிச்சா, நா கையவே வைக்கல" என்று தண்ணீரிலிருந்து குப்பம்மா குரல் கொடுத்தாள்.

அவன் அந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, தங்கையின் உள்ளங்கையில் விரலை வைத்தான். எழுத்து சின்னதாக இருந்தது போலும், அவள் தலையாட்டிவிட்டுக் கையைத் துடைத்து மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை பெரிதாக எழுதினான். "வலிக்குதா?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் துளியூண்டு அகலத்துக்கு விரித்துக் காட்டினாள். கொஞ்சம் வலிக்கிறதாம். சிரித்தாள்.

தேசப்பன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "ஆறு வருசமா இத்தக்கூடக் கேட்டதில்ல யக்கா நானு" என்றான். பிறகு அவனே குனிந்து அவள் கையில் இன்னொன்று எழுதினான். எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான், "எந்த... வண்டி?" என்று. கஸ்தூரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மிதி சுற்றுவதுபோல் சுற்றினாள். ஹெல்மெட்டை அவனே மாட்டிவிட்டான். நாடா அழுந்துகிறதா என்று இரண்டு தடவை விரலை விட்டுப் பார்த்தான்.

மீதி வழி முழுக்க அவள் மிதித்த மிதியில் என் முட்டி பட்ட பாட்டை விடுங்கள். மீன் கடை வந்தது, பாலம் வந்தது, எங்கிருந்தோ அந்த ஆடும் வந்தது. பின்னால் பைக் வரும் சத்தம் கேட்டது. ஹாரன் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

குப்பத்தில் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று நின்றான். வீட்டிலிருந்த நண்டோடு கஸ்தூரி பிடித்ததையும் போட்டுக் குழம்பு. எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். கஸ்தூரி என் எதிரில், தேசப்பன் அவள் பக்கத்தில். மீனுக்கு முள் எடுத்து வைக்கும் மனுஷன், அவளைக் கவ்விய அந்தக் கொடுக்கை உடைக்காமல் முழுதாக அவள் தட்டில் வைத்தான். அவள் தடவிப் பார்த்து, எது என்று புரிந்து, கட்டுப்போட்ட விரலை அதன்மேல் தட்டினாள். அவன் எச்சில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் இடது உள்ளங்கையில் நிதானமாக எதையோ எழுதினான். அவள் சிரித்துக்கொண்டே அவன் கையில் பதில் எழுதினாள்.

பழக்கதோஷம், என் கை தானாக அவள் பக்கம் நீண்டது. பாதியில் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா தேசப்பா எழுதுன?" என்று கேட்டேன்.

"அத்த இன்னாத்துக்கு யக்கா உனுக்கு?" என்றான் அவன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள. நீ சோத்தத் துன்னு. அடுத்த மாசம் சைக்கிள் என்னிக்கு வருதுன்னு அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."